தூண் தாங்குகிறதா, சும்மா நிற்கிறதா?

பழைய வீட்டுத் தூண் ஒன்று பாரம் சுமக்கிறதா, அழகுக்கு நிற்கிறதா என்று கேட்டால் நாம் அதன் பருமனையும் செதுக்கு வேலையையும்தான் பார்ப்போம். செட்டிநாட்டு ஆசாரிகள் இந்த இரண்டையும் கண்டுகொள்வதில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆசாரியும் கொத்தனாரும் அங்கே தூண்களைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

முதல் கட்டின் முற்றமான வளவு வாசலைச் சுற்றி வரிசையாகப் பர்மாத் தேக்குத் தூண்கள். பந்தி போட இடைஞ்சலாக இருக்கிறது, ஒன்றையாவது எடுத்துவிட்டால் என்ன என்பது வீட்டு ஆச்சியின் கேள்வி.

"இருங்க ஆச்சி, மேல ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஆசாரி ஏணியைச் சாய்த்தார். தூணைப் பற்றிய கேள்விக்குக் கூரையில்தான் பதில் இருக்கிறது. ஓட்டைத் தாங்குவது ரீப்பர். ரீப்பரைத் தாங்குவது கைமரம். கைமரத்தின் நுனி எந்த உத்தரத்தில் உட்கார்கிறது, அந்த உத்தரம் எங்கே போய் இறங்குகிறது என்று விரலாலேயே தடம் பிடித்துக்கொண்டு வந்தார். தடம் தூணின் தலைக்கட்டையான போதிகை வழியாகத் தூணுக்குள் இறங்கி, கீழே கருங்கல் அடிக்கல்லில் முடிந்தது.

அதோடு அவர் விடவில்லை. போதிகைக்கு மேலே உத்தரத்தில் பல வருஷத்து எண்ணெய்ப் பெயின்ட் அப்பிக் கிடந்தது. உளி முனையால் மெல்லச் சுரண்டினார். பச்சை போய், அதன் அடியில் பழுப்பு போய், தேக்கு தெரிந்தது. அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. "இங்கதான் ரெண்டு உத்தரம் வந்து சேருது. இந்தத் தூண உருவுனா ரெண்டு முனையும் அந்தரத்துல நிக்கும்" என்றார். உத்தரத்தின் மூட்டு தூணின் தலைமேல் விழுந்தால் அந்தத் தூண் சுமைதூக்கி. அதற்குமேல் விவாதமே இல்லை.

மூட்டு இல்லாமல் ஒரே மரமாக உத்தரம் ஓடினாலும் நிம்மதி கிடையாது. நடுத்தூணை எடுத்தால் உத்தரம் தாண்ட வேண்டிய தூரம் இரட்டிக்கும். அடிக்கு அதே பாரம், தூரம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் மரத்தை வளைக்கும் விசை 4 மடங்கு. தொய்வோ ஏறத்தாழ 16 மடங்கு. இந்தக் கணக்கைப் பொறியாளர்கள் தாளில் போடுகிறார்கள். ஆசாரி நூல் கட்டிப் பார்க்கிறார். உத்தரத்தின் பக்கவாட்டில், அடி விளிம்பை ஒட்டி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூலை இழுத்துப் பிடித்தால், தூண் இருக்கும் இடத்தில் மரம் நூலோடு ஒட்டியும் இடையில் சற்றுத் தொய்ந்தும் இருக்கும். அப்படியானால் அந்தத் தூண் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இரண்டாம் கட்டில் வேறு கதை. சுவரை ஒட்டிய அரைத்தூண்கள் வெறும் சுண்ணாம்புப் பூச்சு. பாரம் சுவரில் இறங்குகிறது. அறை நடுவே நின்ற ஒற்றை மரத்தூணுக்கு அடிக்கல்லே இல்லை, ஆத்தங்குடித் தரைக்கல்மேல் அப்படியே நின்றது. தலைப்பக்கம் ஒரு காகிதத்தை நுழைத்தால் தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்தது. அலங்காரம்தானே என்றேன்.

கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. "காகிதம் போனாப் போதாதுண்ணே. அடி செல்லரிச்சு தூணு இறங்கியிருந்தாலும் போகும்" என்றார். அப்படி இறங்கியிருந்தால் அதன் சுமையைப் பக்கத்துத் தூணோ சுவரோ வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் அடியைக் குத்திப் பார்த்தார்கள், மேலே உத்தரத்தில் விரிசல் தேடினார்கள், சுவர் மூலைகளைத் தடவினார்கள். எல்லாம் சுத்தம் என்றான பிறகே அது பின்னாளில் கொண்டுவந்து நிறுத்திய தூண் என்ற முடிவுக்கு வந்தார்கள். தட்டிக் கேட்கும் சத்தமும் இப்படித்தான். 'டொக்' என்றால் உள்ளே செல்லரித்திருக்கலாம். இரும்புக் குழாயைப் பலகையால் மூடியும் இருக்கலாம்.

இன்று ஆசாரிக்கு வரும் வேலையில் பெரும்பங்கு இதற்கு நேரெதிர். இடித்த வீடுகளின் தூண்களைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்கி, சென்னையிலும் கோவையிலும் புது கான்கிரீட் வீட்டுக் கூடத்தில் நிறுத்துகிறார்கள். ஒரு தலைமுறைக்குக் கூரை சுமந்த தூண் அங்கே பொம்மை. அங்கும் ஆபத்து உண்டு. தூணில்லாமல் நிற்கும்படி கணக்குப் போட்ட கான்கிரீட் உத்தரத்தில், நடுப்பகுதியின் கம்பிகள் பெரும்பாலும் அடிப்புறத்தில்தான் கிடக்கும். நடுவே ஆப்பு வைத்துத் தூணை இறுக்கினால் அந்த இடத்தில் இழுவிசை மேல்புறத்துக்கு மாறும். கம்பி குறைவான மேல்புறம் வெடிக்கலாம். அதனால் ஆசாரி தூணின் தலைப்பக்கம் சிறு இடைவெளி விட்டு, மேலே ஒரு பட்டி அடித்து மறைத்துவிடுகிறார்.

ஆச்சிக்குக் கிடைத்த தீர்ப்பு இதுதான்: வளவுத் தூணில் கைவைக்கக் கூடாது, இரண்டாம் கட்டுத் தூணை எடுக்கலாம். அதையும் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்த பிறகே எடுப்பார்களாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு தூண் இடைஞ்சலாக இருக்கலாம். அதன் தலைமேல் என்ன உட்கார்ந்திருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது என்று இரண்டையும் பார்க்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். ஒரு கட்டுமானப் பொறியாளரையும் பழைய மரவேலை தெரிந்த ஓர் ஆசாரியையும் ஒன்றாகக் கூட்டிவந்து காட்டுங்கள். அந்தச் செலவு கூரையைத் திரும்பப் போடும் செலவைவிட எப்போதும் குறைவு.