காரைக்காலின் இரண்டு அழகிகள்

கோவையிலிருந்து வருகிறவனுக்குக் காரைக்காலில் முதலில் தட்டுப்படுவது வானம்தான். கண்ணை நிறுத்த ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கள் பக்கத்துக் கல்லாற்று ஈரமண்ணில் கும்பலாக உட்காரும் பட்டாம்பூச்சிகளைப் படமெடுத்துப் பழகியவன் நான்; அங்கே பின்னணி எப்போதும் கரும்பச்சை. இங்கே, தமிழ்நாட்டுக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்தப் புதுச்சேரித் துண்டில், அரசலாறு கடலில் சேரும் இடம் முழுக்க ஒளி.

முகத்துவாரத்து மணலில் எருக்கம் புதர்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அவற்றில் முட்டையிடுகிறது. புழு எருக்கிலையோடு தின்னும் நஞ்சு, சிறகு முளைத்த பிறகும் அதைக் காக்கிறது. கடற்காற்று ஏறுவதற்குள் படமெடுத்துவிட வேண்டும். ஏறிவிட்டால் கிளையே ஆடும், 1/2000 நொடி ஷட்டர் வேகம்கூடச் சில சமயம் போதாது. மேக்ரோ லென்ஸைக் கழற்றி, அகலக்கோண லென்ஸை மாட்டினேன். மணலில் படுத்து, பூச்சியைக் கீழ் மூலையில் சிறிதாக வைத்து, மிச்சத்தை வானத்துக்கும் ஆற்றுக்கும் விட்டேன். காற்றுக்கு எதிராகக் காலூன்றி நிற்கும் அந்த உயிர் எத்தனை பெரிய வெளியில் வாழ்கிறது என்பது அப்போதுதான் படத்தில் வந்தது.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் கண்டது வேறு அதிசயம். ஒரு வேலியோரம், உண்ணிச்செடிப் பூக்களில், கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளுமாக இரண்டு பட்டாம்பூச்சிகள். "இதுல ஒண்ணு புழுவா இருக்கையில எங்க கறிவேப்பிலைய மொட்டையடிச்சிடுது தம்பி" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. எவ்வளவு துல்லியம்! ஒன்று சிவப்புடல் அழகி. ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்து நஞ்சேறியது, பறவைகள் ஒதுக்கிவிடும். மற்றது கறிவேப்பிலை அழகியின் பெண். நஞ்சு கிடையாது, வேஷம் மட்டும். 1775-இல் டச்சுக்காரர் கிராமர் இந்த வேஷக்காரியைத் தனி இனமென்றே எண்ணி ரோமுலஸ் என்று பெயரிட்டார். பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டே முதலானோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேஷம் முழுவதையும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணு ஆள்கிறது என்று காட்டியது. ஒரே ஒரு மரபணு! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இரவு அறையில் படங்களைத் திருத்த உட்கார்ந்தேன். அசலின் உடல் சிவப்பு, நகலின் உடல் கறுப்பு. நகலின் பொட்டுகளும் சற்று மங்கல். நிறச்செறிவைக் கூட்டினால் படம் பளிச்சென்று ஆகிறது, ஆனால் மங்கல் சிவப்பு அசல் சிவப்பாகிவிடுகிறது. பூச்சி பாதியில் விட்ட வேஷத்தை நாம் முடித்துக் கொடுத்ததாகிறது. கான்ட்ராஸ்ட் ஏறினால் கறுப்பு உடல் சிறகோடு கலந்து காணாமல் போகிறது. நிழற்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினேன். கறுப்பு உடலில் சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் எழுந்தன. இரு படங்களுக்கும் ஒரே வெள்ளைச் சமநிலை, ஒரே அளவு, அருகருகே வைத்தேன். பட்டாம்பூச்சிப் படத்தில் நிறம் அலங்காரமல்ல, சாட்சியம் என்றே நான் நினைக்கிறேன்.

காரைக்காலுக்கு வடக்கே, அதே கரையில், தரங்கம்பாடி. இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் டேனிஷ் மிஷன் மருத்துவராக அங்கே வந்து, செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிவரை கரையோரமாக நடக்கப் போகிறேன். அவர் நடந்த மண்ணில் ஆடுதீண்டாப்பாளை இன்னும் முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.