நாடாவின் நுனி

குஜராத்தின் தென்பகுதியில், தமன்கங்கா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது வாப்பி நகரம். காகித ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்த ஊர். பணி மாறுதல் பெற்று இவ்வூருக்கு வந்த புதிதில், காலைக் காற்றிலேயே கலந்து வரும் ஆலை மணம் எனக்கு ஒவ்வாமலிருந்தது. இப்போது அம்மணம் இல்லாவிடில் அன்று விடுமுறையோ என்று ஐயுறுகிறேன்.

என்னிடம் விருப்பப் பாடமாகத் தமிழ் பயிலும் மாணவர்கள் பதினான்கு பேர். பெரும்பாலோரின் பெற்றோர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுபவர்கள். ஒரு மாணவியின் தந்தை கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்தவர். பள்ளி நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். இங்குள்ள தமிழர் அனைவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அத்தொழிற்கூடத்தைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றேன். காகிதம் கோடிடப்படுவதும், மடிக்கப்படுவதும், தைக்கப்படுவதும், ஓரம் வெட்டப்படுவதும் அழகாகவே இருந்தன. ஆயினும் எங்கள் பொழுதில் பெரும்பகுதி கழிந்தது கடைசி இயந்திரத்தின் முன்னால்தான்.

அது பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் இயந்திரம். நோட்டுகள் அடுக்கப்பட்ட அட்டைப் பெட்டியை இருபுறமும் ஓடும் ரப்பர்ப் பட்டைகள் பற்றி இழுத்துச் செல்கின்றன. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஒட்டுதலைகள். பெட்டி உள்ளே நுழைந்து வெளியேறுவதற்குள் மேல் மூடியிலும் அடிப்பக்கத்திலும் நாடா ஒட்டப்பட்டுவிடும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள். நாங்கள் சென்றபோது அவ்வியந்திரம் நின்றிருந்தது. அருகில் இருபது முப்பது பெட்டிகள் மேல்மூடி பாதி திறந்தபடி கிடந்தன. மூடியின் மீது நாடா இருந்தது. பெட்டியின் முன்முகத்தில் மடிந்து ஒட்ட வேண்டிய நுனி மட்டும் இல்லை. மாலை நான்கு மணிக்கு லாரி வந்துவிடும் என்று மேற்பார்வையாளர் பதறிக்கொண்டிருந்தார்.

இயந்திரத்தை இயக்குபவன் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன். இருபது வயது இருக்கலாம். அவன் நாடாவைச் சரியாகக் கோப்பதில்லை என்றார் மேற்பார்வையாளர். சான்றும் கூறினார்: பிழை தோன்றும்போதெல்லாம் நாடாச் சுருளைக் கழற்றிவிட்டுத் தாமே புதுச் சுருள் மாட்டினால் இயந்திரம் நன்றாக ஓடுகிறதாம், அவன் கையில் விட்டால் மீண்டும் கெட்டுவிடுகிறதாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. உடனே ஆசிரியருக்கே உரிய அவசரத்தோடு மாணவர்களைப் பார்த்து, “பார்த்தீர்களா, ஒருவருடைய கவனக்குறைவால் எத்தனை பேருக்கு இடர்!” என்று தமிழில் சொன்னேன். அவ்விளைஞன் நான்கடி தொலைவில் நின்றிருந்தான். தமிழ் அவனுக்குத் தெரியாது. ஆனால் என் விரல் அவன் பக்கம் நீண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். வந்தவர் இயந்திரத்தைத் தொடவில்லை. கழற்றிப் போடப்பட்டிருந்த சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஐந்து சுருள்கள், ஐந்துமே மெலிந்தவை, முக்கால் பங்கிற்கு மேல் தீர்ந்தவை. அவற்றை வரிசையாக வைத்துவிட்டு என்னிடம், “டீச்சர், பிள்ளைகளிடம் நோட்டு இருக்கிறதா? எனக்கு எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும்” என்றார்.

முதலில் அந்த இளைஞனையே புதுச் சுருள் ஒன்றைக் கோக்கச் சொன்னார். நாற்பது பெட்டிகள் சென்றன. நாற்பதிலும் நுனி ஒட்டியிருந்தது. அடுத்து, மெலிந்த சுருள் ஒன்றைத் தம் கையாலேயே மாட்டினார். ஏழாவது பெட்டியில் முன்நுனி இல்லை. பத்தாவதிலும் இல்லை, பிறகு தொடர்ந்து மூன்று பெட்டிகள். மாணவர்கள் உற்சாகமாகக் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கன்னம் சுடத் தொடங்கியது.

“தப்பாகக் கோத்திருந்தால் முதல் பெட்டியிலேயே தெரிந்துவிடும் டீச்சர். சுருள் மெலிந்த பிறகுதான் கெடுகிறது என்றால் அது கோத்தவன் பிழையில்லை. கீழ்த்தலைக்கும் இவன்தானே நாடா கோக்கிறான்? அதில் ஒரு பெட்டிகூடத் தவறவில்லையே” என்றார் அண்ணாச்சி.

கீழ்த்தலையை நாங்கள் யாரும் நினைத்தே பார்க்கவில்லை.

அதன்பின் அவர் சுவிட்சை நிறுத்தினார். பிளக்கையும் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே மேசைமேல் வைத்தார். ஒட்டுதலைக்குள் பல்வைத்த கத்தி ஒன்று உறைக்குள் மறைந்திருக்கிறது. சுருள்வில்லின் விசையால் எக்கணமும் அது பாயக்கூடும். மாணவர்களைப் பின்னே தள்ளி நிற்கச் செய்துவிட்டு, மேல்தலையை அப்படியே தூக்கி வந்து மேசையில் கிடத்தினார். அதன் வேலையை அவர் கையால் இயக்கிக் காட்டியது இன்றும் என் கண்முன் நிற்கிறது. தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு உருளைகள். நாடாவின் பசைமுகம் வெளிப்பக்கம் பார்த்தபடி முன்னுருளையின் மேல் காத்திருக்கும். வரும் பெட்டி அதன்மேல் மோதும்போது நுனி பெட்டியின் முகத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் அளவுக்கு ஒட்டிக்கொள்ளும். உருளை பின்வாங்கி மூடியின்மேல் ஏறும். பெட்டி நகர நகர நாடா தானாகவே இழுபடும். பெட்டியின் கடைசி விளிம்பு கடந்ததும் கத்தி பாய்ந்து நாடாவை அறுக்கும். பின்னுருளை எஞ்சிய வாலை மடித்து அழுத்திவிடும். தனியாக நாடாவை இழுத்துவிட மோட்டார் எதுவும் அத்தலையில் இல்லை. பெட்டியின் ஓட்டமே எல்லாவற்றையும் செய்கிறது. ஆகவே, அறுபட்ட நாடாவின் புது நுனி முன்னுருளையை விட்டு அசையாமல் இருக்கவேண்டும். அது இரண்டு விரற்கடை பின்னே போய்விட்டாலும் அடுத்த பெட்டி வெறும் உருளையின் மேல்தான் மோதும்.

அவ்வாறு பின்னே போகாமல் தடுப்பதற்கென்றே நடுவில் ஒரு சிறிய உருளை உண்டு. அது முன்பக்கம் மட்டுமே சுழலும். “சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் பின்னால் போகிறதா? அதே சூட்சுமம்தான். இதை ஒன்வே ரோலர் என்போம்” என்றார். ஒருபோக்கு உருளை என்று நான் மனத்துக்குள் பெயரிட்டுக்கொண்டேன். அந்த நேரத்திலும் தமிழாசிரியர் புத்தி போகவில்லை. அண்ணாச்சி கட்டைவிரலால் அதைப் பின்னோக்கித் தள்ளினார். ஒரு கணம் தயங்கிய உருளை, பிறகு மெல்ல வழுக்கிச் சுழன்றது. கழற்றிப் பார்த்தால், உள்ளே பசையும் அட்டைத் தூசும் கலந்து கருமையாக அப்பியிருந்தன.

“ஆனால் புதுச் சுருளில் மட்டும் ஏன் ஒழுங்காக ஓடியது?” என்று அவருடைய மகளே கேட்டாள். நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

அண்ணாச்சி மகளை அருகிலிருந்த கதவிடம் அழைத்துச் சென்றார். கைப்பிடிப் பக்கம் தள்ளச் சொன்னார், எளிதாகத் திறந்தது. கீல் பக்கம் தள்ளச் சொன்னார், மூச்சுப்பிடித்துத் தள்ளவேண்டியிருந்தது. நாடாச் சுருள் தாறுமாறாகச் சுழன்றுவிடாமலிருக்க அதன் அச்சில் ஒரு பிரேக் உண்டு. அதன் பிடி மாறுவதில்லை. சுருள் பருத்திருக்கும்போது விளிம்பு அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால் நாடா எளிதாக வருகிறது. மெலிந்த பிறகு கீலருகே கதவைத் தள்ளுவதுபோல இழுக்கவேண்டியுள்ளது. அந்த இழுவையில் நாடா சற்றே நீண்டு விறைத்துநிற்கும். கத்தி அறுத்ததும் சுருங்கிப் பின்னே பாயும். ஒருபோக்கு உருளை நன்றாக இருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கும். அதுவும் வழுக்கியதால் நுனி போய்விட்டது.

பிரேக் நட்டைத் தொட்டுப் பார்த்த அண்ணாச்சி நிமிர்ந்து, “இதை இவ்வளவு இறுக்கமாக முறுக்கியது யார்?” என்று இந்தியில் கேட்டார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேற்பார்வையாளரே, போன வாரம் நாடா தளர்ந்து ஓடியதால் தாம்தான் முறுக்கியதாகச் சொன்னார். அம்மனிதரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பேர் முன்னிலையில் அல்ல, பதினான்கு பள்ளிப் பிள்ளைகள் முன்னிலையில் அதைச் சொன்னார்.

புது உருளை கைவசம் இல்லை. கிடங்கில் கிடந்த பழைய இயந்திரம் ஒன்றின் தலையிலிருந்து அதே அளவுள்ள உருளையைக் கழற்றி வந்து பொருத்தினார்கள். கத்தியின் உறையில் ஒட்டியிருந்த பசையையும் துடைத்து, அங்கிருந்த கம்பளித் துண்டில் இரண்டு சொட்டுச் சிலிக்கான் எண்ணெய் விட்டார் அண்ணாச்சி. கத்தியில் பசை ஏறாமலிருக்க அது உதவுமாம். பிரேக் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார். பின்பு இருப்பதிலேயே மிகவும் மெலிந்த சுருளைத் தேடியெடுத்து அவ்விளைஞனிடம் கொடுத்து, “நீயே கோத்துவிடு” என்றார். சுருள் தீரும்வரை ஓட்டினார்கள். அறுபத்து மூன்று பெட்டிகள். அண்ணாச்சியின் மகள் அடிக்கோலால் ஆங்காங்கே அளந்தாள். முன்நுனி எல்லாவற்றிலும் ஐந்தரைச் சென்டிமீட்டருக்குக் குறையவில்லை.

மணி மூன்று. எல்லாரும் பரபரப்பாகப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள். அண்ணாச்சி மட்டும் சுவரில் தொங்கிய பதிவேட்டை எடுத்து மேற்பார்வையாளரிடம் நீட்டினார். முந்தைய மூன்று நாட்களின் பக்கத்திலும் ‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்று இந்தியில் எழுதப்பட்டிருந்தது. ஓரத்தில் அரைநாள் கூலிப் பிடித்தம். மூன்று அரைநாள் என்றால் ஒன்றரை நாள். மேற்பார்வையாளர் பேனாவை வாங்கி மூன்று வரிகளையும் அடித்து, ‘ஒன்வே ரோலர் பழுது, பிரேக் இறுக்கம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

எழுதப்பட்டதை அடித்துவிட்டார்கள். நான் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று வெளியேறத் தொடங்கியபோது, அவர்களைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம் சென்றேன். என் இந்தி இலக்கணப் பிழைகள் நிறைந்தது. காலையில் உன்னைப் பற்றி இவர்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், அது என் பிழை என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். பிறகு திரும்பி அதையே மாணவர்களுக்குத் தமிழிலும் சொன்னேன். அவன் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குள் அடுத்த பெட்டி வந்துவிட்டது. இரு கைகளாலும் அதை நேராக்கிப் பட்டைகளுக்கிடையே தள்ளினான்.