பாலத்துக்கு 46 நாள்

கொழும்பு கோட்டை நிலையத்தில் வாங்கிய ஒரே சீட்டில் சென்னை எழும்பூர் வரைக்கும் போய்ச் சேரலாம் என்றிருந்த காலம் ஐம்பது ஆண்டு நீடித்தது. இரவு மெயிலில் ஏறிப் படுத்தால் விடியும்போது தலைமன்னார் இறங்குதுறை. அங்கே கப்பல் காத்திருக்கும். ஏறத்தாழ 22 மைல் கடலைத் தாண்டினால் தனுஷ்கோடி. இறங்கியதும் இந்திய ரயில். 1914 இல் பாம்பன் கடலுக்கு மேல் பாலம் போட்டதும் திறந்த வழி இது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதானவர்கள் உள்ள வீடுகளில் போட் மெயில் என்று சொன்னாலே கதை தொடங்கிவிடும்: கல்யாணச் சேலை எடுக்கப் போனது, இராமேசுவரத்தில் தீர்த்தமாடியது, மதராசில் படிக்கப் போன அண்ணனை வழியனுப்பியது. அந்தக் கதைகளில் தனுஷ்கோடி கடந்து போகும் இடம் மட்டுந்தான். அங்கே தங்கினோம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் அங்கே ஓர் ஊர் இருந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில், கடைத்தெரு, மீனவர் குடியிருப்பு எல்லாம் இருந்தன. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் நீண்டு மெலிந்து போகும் மணல் நாக்கு. அதன்மேல்தான் இத்தனையும். கருங்கல் கிடைக்காத மண் என்பதால் பவளப்பாறைக் கல்லை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இன்று மிஞ்சி நிற்கும் சுவர்களில் அந்தக் கல்லின் துளைகளை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

1964 டிசெம்பர் 17 அளவில் அந்தமானுக்குத் தெற்கே தாழமுக்கம் ஒன்று உருவாகிச் சூறாவளியாக வளர்ந்தது. 22 ஆம் திகதி அது வவுனியாவின் மேலாக இலங்கையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் வரை போனதாகச் சொல்லப்படுகிறது. திருகோணமலையும் மன்னாரும் அடிவாங்கின. இந்தச் சூறாவளியைத் தமிழ்நாட்டின் துயரம் என்று மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். அது முதலில் நம் வன்னியைத்தான் மிதித்துக்கொண்டு போனது.

அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து 653 ஆம் இலக்கப் பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பதிவின்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். நிலையத்துக்குச் சில நூறு யார் தொலைவில் கடல் எழுந்து ரயிலை முழுதாக இழுத்துக்கொண்டு போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழு மீற்றர் உயரம் வரை எழுந்த அலை ஊரின்மேல் புரண்டது. கம்பிகள் அறுந்துபோனதால் என்ன நடந்தது என்பதே வெளியே தெரியவில்லை. மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலைக் கொண்டு ரயில்வே தலைமையகம் 25 ஆம் திகதிதான் அறிக்கை விட்டது. இரு நாடுகளிலுமாக இறந்தவர்கள் 1,800 பேரளவில் என்று கணக்கிடப்பட்டது.

அதன்பின் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, பாலம் பற்றியது. பாம்பன் பாலத்தின் 145 தூண் இடைவெளிகளில் 126 இடத்தில் இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயிருந்தன. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பியிருந்தது. ஆறு மாதத்தில் சீராக்க வேண்டும் என்றார்கள், பிறகு அதையே மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியியலாளர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், 46 நாளில் வேலையை முடித்தார். கடலில் விழுந்து கிடந்த தூலங்களையே தேடித் தூக்கி மீண்டும் பொருத்தினார்கள். வியக்கத்தக்க வேலை. அதில் எனக்குச் சொல்ல எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது, ஊர் பற்றியது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று மதராஸ் அரசு அறிவித்தது. பாலத்தைத் தாண்டி வந்த ரயில் இனி இராமேசுவரத்தோடு நின்றுவிடும். கப்பலும் இராமேசுவரத்துக்கு மாறியது. ஊரை மீண்டும் கட்டவில்லை. இடித்து அகற்றவும் இல்லை. அப்படியே விட்டார்கள்.

பெருவெள்ளத்தில் ஓர் ஊர் அழிந்தால் திருப்பிக் கட்டுவதா, கைவிடுவதா என்று உலகமெங்கும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் இரண்டு விடைகளும் உண்டு. இந்தியனோலா என்ற துறைமுகம் 1875 இல் ஒரு சூறாவளியில் சிதைந்தது. எழுந்து நின்றது, 1886 இல் மறுபடி விழுந்தது, அதோடு அந்த ஊரை விட்டுவிட்டார்கள். அதே கரையில் கால்வெஸ்டன் நகரம் 1900 செப்டெம்பரில் 6,000 பேருக்கு மேல் பலிகொடுத்தது. அங்கே மக்கள் போக மறுத்தார்கள். 17 அடி உயரத்துக்குக் கடல்சுவர் கட்டி, வீடுகளைத் திருகுத் தூக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் மண் நிரப்பி நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். 1915 இல் அடுத்த சூறாவளி வந்தபோது நகரம் நின்றது.

தனுஷ்கோடியையும் அப்படி உயர்த்தியிருக்கலாமா? நான் முடியாது என்றே நினைக்கிறேன். சுவர் கட்டுவதற்கு ஒரு பக்கமாவது திடமான தரை வேண்டும். இங்கே இரு பக்கமும் கடல், அடியில் மணல். மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி 1948, 49 ஆண்டுகளிலேயே சுமார் ஐந்து மீற்றர் தாழ்ந்து, அரைக் கிலோமீற்றர் அகலமும் ஏழு கிலோமீற்றர் நீளமுமான நிலம் கடலுக்குள் போனதாகப் புவியியல் ஆய்வு ஒன்று சொல்கிறது. அப்படியானால் சூறாவளிக்குப் பதினைந்து வருடம் முன்னரே நிலம் போகத் தொடங்கிவிட்டது. அந்த மண்ணில் மறுபடியும் ரயிலும் கப்பலும் ஆயிரக்கணக்கான குடிகளுமாக ஓர் ஊரைக் கட்டுவது, பிறக்கப்போகும் பிள்ளைகளைக் கடலுக்கு அடகு வைப்பதாகும். 2019 மார்ச்சில் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் பாதை போட அடிக்கல் நாட்டப்பட்டது. மாநில அரசு இணங்கவில்லை, திட்டம் நின்றது. நின்றதே நல்லது.

ஆகவே கட்டாமல் விட்டது சரி. விட்ட விதந்தான் சரியில்லை.

ரயில்வேக்காரருக்கும் சுங்கத்தாருக்கும் தபால்காரருக்கும் இடமாற்றம் இருந்தது. சம்பளம் அவர்களோடு கூடவே போகும். கடலை நம்பியவனுக்கு யார் இடமாற்றம் எழுதிக் கொடுப்பது? பிழைத்தவர்களில் பலர் இராமேசுவரத்தின் ஓரங்களில் குடியேறினார்கள். மீனவர்களில் ஒரு பகுதியினர் சில காலத்துக்குள் அதே மணலுக்குத் திரும்பிவிட்டார்கள், ஏனென்றால் மீன் அங்கேதான் இருந்தது. ஓலையாலும் தகரத்தாலும் குடிசை போட்டார்கள். பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக மின்சாரம் இருக்கவில்லை, ஒழுங்கான பாதையும் இருக்கவில்லை. வாழத் தகுதியற்றது என்று காகிதத்தில் எழுதப்பட்ட இடத்துக்கு எந்த அரசாங்கம் விளக்குக் கம்பம் நடும்? அந்த அறிவிப்பு மனிதர்களை அப்புறப்படுத்தவில்லை. அவர்களுடைய உரிமைகளைத்தான் அப்புறப்படுத்தியது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரைக்கும் தார்ப்பாதை வந்தது. அது வந்தது சுற்றுலா வாகனங்களுக்காக என்பதை அங்கே போகும் எவரும் ஒரு மணித்தியாலத்தில் விளங்கிக்கொள்வார்.

இந்தக் கதையில் நம் பக்கத்தாருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்பது ஏற்பாடு. எட்டு வாரம் கழியுமுன் சூறாவளி வந்தது. மலையகத் தமிழருடைய பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் மண்டபம் முகாமில் அடைபட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கித் தோட்டத்துக்குப் போனவர்கள். நீங்கள் வந்த வழியே திரும்பிப் போங்கள் என்று இரண்டு அரசாங்கங்கள் சொன்ன அதே பருவத்தில் அந்த வழியின் வாசல் கடலுக்குள் போனது. பிறகு அவர்கள் இராமேசுவரத்தில் இறக்கப்பட்டார்கள். 1980களில் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது.

தலைமன்னாரின் விதி வேறு. போரில் அந்த ரயில் பாதை அழிந்து, தண்டவாளம் இருந்த தடமே காட்டுக்குள் மறைந்தது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் ரயில் மீண்டும் போனது, பாதையை இந்திய நிறுவனம் ஒன்று போட்டுக் கொடுத்தது. கோட்டையில் ஏறி அங்கே இறங்கலாம் என்று மறுபடி ஆனது. பழைய துறை உடைந்து கிடக்க, அப்பால் மணல்திட்டுகள் தொடங்கும். போரால் அழிந்ததைத் திரும்பக் கட்டினோம், கடலால் அழிந்ததை விட்டோம் என்று யாராவது சுருக்கமாகச் சொல்லலாம். நான் பார்க்கும் கணக்கு வேறு: பாலமோ தண்டவாளமோ ஓர் அரசுக்கு வேண்டியதாக இருந்தால் அது திரும்பி வருகிறது. குடியிருப்பு அப்படி வருவதில்லை.

2004 டிசெம்பர் 26 இல், அந்தச் சூறாவளிக்கு நாற்பது ஆண்டும் சில நாளும் கழித்து, கோட்டையிலிருந்து தெற்கே போன ரயில் ஒன்றைப் பெரேலியவில் ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடுகிற அதே தண்டவாளந்தான். அதன்பின் நம் அரசாங்கமும் ஓர் அறிவிப்பு விட்டது: தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது. ஒரே கடல், ஒரே அலை, இரண்டு அளவு. வடக்குக் கிழக்கில் மட்டும் ஏன் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்கு மனம் ஆறும்படி பதில் வரவில்லை. மீனவர் குடிசைக்குத் தடை, ஹோட்டலுக்கு விலக்கு என்ற கசப்பு கரையெங்கும் பரவியது. ஓராண்டுக்குப்பின் அளவுகள் தளர்த்தப்பட்டன. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் உள்நாட்டில் கட்டிக்கொடுத்த வீட்டில், வள்ளத்தைப் பார்க்கமுடியாத தூரத்தில் இருத்தப்பட்டிருந்தன.

கேள்வி இப்போது மலைக்கு ஏறியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், மலைச்சரிவுகளில் குடியிருப்புகள் புதைந்தன, களனி ஆறு பெருகிக் கொழும்பின் வடக்கு, கிழக்கு ஓரங்களை மூழ்கடித்தது. இனி அந்தச் சரிவுகளுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் வாழத் தகுதியற்றது என்ற முத்திரை விழும். பல இடங்களில் அது நியாயமானதாகவே இருக்கும். ஆனால் அந்த முத்திரையோடு ஒரே நாளில், ஒரே கடிதத்தில், பெயர் எழுதிய காணி உறுதியும் வரவேண்டும். வேலைக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கத்தில். தோட்டத் தொழிலாளிக்கு இருநூறு வருடமாகச் சொந்தக் காணி கொடுக்காத நாடு, ஆபத்து என்று சொல்லி இருந்த லயனையும் எடுத்துக்கொள்ளப் போகிறதென்றால், தனுஷ்கோடி மீனவனுக்கு நடந்தது நம் மலையில் நடக்கும்.

தனுஷ்கோடியின் இடிபாடுகளை என்ன செய்வது? இடிக்கக்கூடாது, புதுச் சீமெந்து பூசி அலங்கரிக்கவும் கூடாது. பவளக்கல்லை உப்புக் காற்று தினமும் அரிக்கிறது, வருகிறவர்கள் ஏறி நின்று படமெடுக்கிறார்கள், கல்லைப் பெயர்த்துக்கொண்டும் போகிறார்கள். சுண்ணாம்புச் சாந்தால் நிற்கும் சுவர்களைப் பிணைத்து, கூட்டத்தைச் சற்றுத் தூரத்தில் நிறுத்தினாலே இன்னும் ஒரு தலைமுறைக்கு அவை நிற்கும். அந்தப் பணியில் கூலியும் காவலும் அங்கே வாழும் மீனவக் குடும்பங்களுக்கே போகவேண்டும்.

சுவரைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் சூறாவளி வந்த அன்று பகலில் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு இராமேசுவரம் திரும்பியதால் தப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ரயிலில் போனவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? சீட்டில்லாமல் ஏறியவர்கள் 110 என்ற கணக்குக்குள்ளும் வரவில்லை. மன்னாரிலும் திருகோணமலையிலும் அதே காற்றில் போனவர்களை இங்கே நாமும் மறந்துவிட்டோம். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. இராமேசுவரத்திலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்குத் தந்தையரும் ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களுமாக வீடு வீடாகப் போய்க் கேட்டு, பெயரும் வயதும் ஊரும் எழுதிக்கொண்டால் அந்தப் பட்டியலை இரண்டு கரையிலும் ஒரே கல்லில் பொறிக்கலாம். இந்த வருடமே தொடங்கவேண்டிய வேலை அது.