ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

திருப்பூரில் 'லேயர்' என்று சொன்னால் எல்லோருக்கும் கட்டிங் டேபிள்தான் ஞாபகம் வரும். துணியை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து மெஷினை ஓட்டினால், அத்தனை லேயரும் ஒரே அளவில் வெட்டுப்படும். எனக்கு ஞாபகம் வருவது வேறு லேயர். பனியன் கம்பெனிகளுக்கு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் தொழில். சம்பளப் பட்டியல், டெலிவரி சலான், நூல் ஸ்டாக் என்று ஸ்கிரீனில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்குமே, அவற்றில் எது மேலே நிற்க வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று சொல்லி வைப்பதும் எங்கள் வேலைதான். வெளியில் தெரியாத வேலை. ஆனால், அது சரியாக இல்லையென்றால் திட்டு வாங்குவது என்னவோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பள நாள். ஒரு கம்பெனிக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் டெய்லர்களும் செக்கிங் அக்காக்களும் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். உள்ளே அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டம் தொங்கிருச்சுங்கண்ணா. போன வாரமும் இப்படித்தான். என் கைராசியே சரியில்லைன்னு சொல்றாங்க" என்றார்.

சம்பள சாஃப்ட்வேர் யாரோ எழுதியது. எங்கே கிளிக் செய்தாலும் 'டிங்' என்று சத்தம் மட்டும் வந்தது. "மெயினை ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடும்மா" என்றார் முதலாளி. அப்படிச் செய்தால் பீஸ் ரேட் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டினேன். பெரிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்த்தது. 'பிரிண்டரில் பேப்பர் இல்லை' என்றது. அவ்வளவுதான் விஷயம்! பேப்பரை வைத்து ஓகே கொடுத்ததும் பட்டியல் கடகடவென்று வந்தது.

கம்ப்யூட்டர் தொங்கவே இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தது. கேட்ட கேள்விதான் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பெட்டி ஏன் பின்னால் போனது? ஸ்கிரீனில் இடம் வலம் ஒரு கணக்கு, மேல் கீழ் ஒரு கணக்கு. இவை போக, கண்ணாடிக்குள்ளிருந்து நம் முகத்தை நோக்கி வரும் மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அதற்கு 'இசட் ஆர்டர்' என்று பெயர். எந்த ஜன்னலுக்கு மேல் எந்த ஜன்னல் என்ற வரிசை அது. 1985-ல் வந்த முதல் விண்டோஸில் புரோகிராம் ஜன்னல்கள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. 1987-ல் வந்த இரண்டாவது பதிப்பில்தான் அந்த வசதி வந்தது. ஆப்பிளின் மேக்கின்டோஷில் 1984-லேயே இருந்தது. வசதி வந்த கையோடு 'யார் மேலே' என்ற பஞ்சாயத்தும் வந்துவிட்டது.

பெட்டியைத் திறக்கும்போது 'இது இன்ன ஜன்னலைச் சேர்ந்தது' என்று புரோகிராமில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அந்தப் பெட்டி எப்போதும் தன் சொந்தக்கார ஜன்னலுக்கு மேலேயே நிற்கும். கட்டிங் முடிந்து தையலுக்குப் போகும் பண்டிலோடு சீட்டைக் கட்டி அனுப்புகிறோம் இல்லையா, அந்த மாதிரி. கட்டாத சீட்டு எங்கேயோ பறந்துவிடும். அந்தப் பெண் சம்பளப் பட்டியலை ஓடவிட்டு, நடுவில் வேறு புரோகிராமில் ஒரு பில் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில் சீட்டு கட்டாத பெட்டி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. இதில் கைராசி எங்கே வந்தது?

"அப்படின்னா எல்லாப் பெட்டியையும் எல்லாத்துக்கும் மேல நிறுத்திட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. 'எப்போதும் மேலே' என்று ஒரு ஜன்னலைக் குறித்துவிட்டால் சாதாரண ஜன்னல் எதுவும் அதை மறைக்க முடியாது. ஒரு முதலாளி, ஷிப்மென்ட் தேதியை ஞாபகப்படுத்தும் பெட்டியை அப்படி வைக்கச் சொன்னார். "அண்ணா, நம்ம ஊர்ல எல்லா ஆர்டர்லயும் 'அர்ஜென்ட்'னு எழுதியிருக்கு. எதை முதல்ல எடுக்கறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இரண்டு புரோகிராம்கள் 'நான்தான் எப்போதும் மேலே' என்றால், கடைசியாகக் கேட்டது மேலே வரும். அடுத்த நொடி மற்றது கேட்கும்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. தொகையை டைப் செய்து என்டர் தட்டும் நொடியில் குறுக்கே ஒரு பெட்டி குதித்தால், அந்த என்டர் அதற்குப் போய்விடும். 'அழித்துவிடலாமா?' என்ற கேள்விக்கு நாம் பார்க்காமலேயே 'சரி' சொல்லியிருப்போம். அதனால்தான் விண்டோஸ் 98, 2000 பதிப்புகளிலிருந்து, நாம் ஒன்றில் வேலை செய்யும்போது வேறு புரோகிராம் முண்டியடித்து முன்னால் வரத் தடை வைத்தார்கள். கீழே உள்ள பட்டையில் அதன் பெயர் மினுக்கும், அவ்வளவுதான். ஷிப்மென்ட் பெட்டியையும் அப்படியே மினுக்க வைத்தேன்.

'நாங்கள் போனில்தானே எல்லாம் பார்க்கிறோம்' என்பீர்கள். ஆண்ட்ராய்டு போனிலும் இதே பஞ்சாயத்து உண்டு. 'மற்ற ஆப்களின் மேல் காட்ட' என்று ஒரு அனுமதி இருக்கிறது. இதைப் பெற்ற ஆப், நீங்கள் திறந்திருக்கும் ஆப்பின் மேல் தன் ஜன்னலை விரிக்கலாம். ஆரம்பத்தில் சாட் குமிழிகள் மிதந்தது இப்படித்தான். மோசடி ஆப்கள் வங்கி ஆப் மாதிரியே போலித் திரையை மேலே போர்த்தி பாஸ்வேர்டைத் திருடுவதும் இந்த வழியில்தான். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், இந்த அனுமதியை நாமே செட்டிங்ஸில் போய்க் கொடுக்கும்படி மாற்றினார்கள்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டர் தொங்கிவிட்டதாகத் தோன்றினால், சுவிட்சில் கை வைக்கும் முன் ஒருமுறை ஆல்ட், டேப் தட்டிப் பாருங்கள். இன்று ராத்திரி செட்டிங்ஸைத் திறந்து, அந்த அனுமதி எந்தெந்த ஆப்களிடம் இருக்கிறது என்றும் பாருங்கள். எதற்கென்று தெரியாத ஆப் ஏதாவது இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.