பைப் போகிற வழி

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், கேன்லி பக்கம் ஹெரால்டு அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. 1959-ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டைக் கட்டிய தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1980-ல் கார் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கார் பிறந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் அம்பத்தூரை நினைத்து ஏங்குகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நமக்கு அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் வண்டலூரில் செய்தார்கள். அப்பாவிடம் இருந்தது நாலு கதவு மாடல். தொண்ணூறுகளில் அதன் எஞ்சின் ஓய்ந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்சந்தில் இருந்த ஒரு பட்டறையில் ஜிப்ஸி எஞ்சினை ஏற்றினோம். முன்சக்கரத்துக்கு வேறொரு வண்டியின் டிஸ்க் பிரேக். எஞ்சினை செயின் பிளாக்கில் தூக்கி இறக்கும்போது டீக்கடைக் கூட்டம் முழுக்க வந்து நின்றது. மறுநாள் மேஸ்திரி குழிக்குள் இறங்கி பைப் போட ஆரம்பித்தபோது நான் மட்டும்தான் இருந்தேன்.

அம்பாசடர், பியட் மாதிரி இல்லை ஹெரால்டு. அதற்குத் தனி சேசிஸ் உண்டு, பாடியை அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதனால் பைப்புக்கு வழி தேட இடம் நிறைய. வாதாடவும் இடம் நிறைய. மேஸ்திரி முதலில் பைப்பைத் தொடவே மாட்டார். ஒரு வெல்டிங் கம்பியைக் கையாலேயே வளைத்து, சேசிஸை ஒட்டி வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி வளைப்பார். பெட்ரோல் பைப்பை வலது பக்கமே விட்டால் கிட்டம் என்று நான் சொன்னேன்.

"கிட்டக்கதான் தம்பி. ஆனா சைலன்சர் அந்தப் பக்கம் போவுது. மே மாசம் பைப்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாயிடும். பூந்தமல்லி ரோட்ல வண்டிய ஓரங்கட்டி பம்ப் மேல ஈரத்துணி போடுவியா?"

அந்த ஈரத்துணி வைத்தியம் அப்போது எல்லா டிரைவருக்கும் தெரியும். அம்பாசடரில் மெட்டாடர் டீசல் எஞ்சின் ஏற்றுகிறவர்களுக்கு வேறு தலைவலி: பெட்ரோல் அம்பாசடருக்கு ஒரு பைப் போதும், டீசலுக்கோ மிஞ்சியது டேங்குக்குத் திரும்ப இன்னொன்று வேண்டும்.

அடுத்து பிரேக் பைப். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். ஆகவே ஆளுக்கொரு ரப்பர் ஹோஸ். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கி உள்பக்கம் மடங்கும், இறக்கினால் விரியும். இரண்டு நிலையிலும் ஹோஸ் இழுபடவும் கூடாது, உரசவும் கூடாது. மேஸ்திரி ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தார். (1972-ல் வந்த கெஸல் மாடலுக்கு ஒரே ஆக்ஸிலாகப் போட்டார்கள்.)

ஆனால் நான் ஏங்குவது அடுத்த கட்டத்துக்கு. பழைய வண்டியின் மரை அங்குலக் கணக்கு. புது டிஸ்க்கின் மரை மில்லிமீட்டர். எட்டில் மூன்று அங்குல யூனியனும் பத்து மில்லிமீட்டர் யூனியனும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். மேஸ்திரி இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர் லேத் பட்டறைக்கு நடந்தார். டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு முனை அங்குலம், மறுமுனை மில்லிமீட்டர் என்று பித்தளையில் அடாப்டர் கடைந்து வந்துவிட்டது. பக்கத்து ஊரான பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டிவிஎஸ்ஸும் அறுபதுகளின் தொடக்கத்திலேயே வந்தவை, 1964-ல் எஸ்டேட். ஒரு தலைமுறைக்கு மேலாக மரையோடு பழகிய ஊர். படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, பொருளைக் கையில் கொடுத்தால் போதும்.

இங்கே கோவென்ட்ரியில் ஹெரால்டுக்கு பிரேக் பைப் பெட்டியில் வருகிறது. தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய், துரு பிடிக்காது. அளவாக வெட்டி, முனையை விரித்து, எந்தச் சக்கரத்துக்கு எது என்று சீட்டும் ஒட்டியிருப்பார்கள். நாங்கள் போட்ட இரும்புக் குழாயைவிட உசத்தி, சந்தேகமே இல்லை. எனக்குத்தான் அதைப் பொருத்தும்போது பேச ஆள் இல்லை.

போன குளிரில் நண்பர் ஒருவரின் எஞ்சின் மாற்றிய ஹெரால்டுக்கு அந்தப் பெட்டி ஒத்துவரவில்லை. கம்பியை வளைத்து நானே வழி பிடித்து, குழாயும் போட்டு முடித்தேன். மேஸ்திரி பட்டறையை மூடிவிட்டு ஆவடியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பினேன். சாயங்காலம் குரல் பதிவு வந்தது: "மாஸ்டர் சிலிண்டர் கிட்ட அந்த வளைவு ரொம்ப டைட்டு தம்பி. கழட்டு."