ஊர்ப் பணமும் இரு கையெழுத்தும்

ஊராட்சியின் பணத்தை எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதாது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் காசோலை செல்லும். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் அலுவலக நடைமுறை. சற்று நின்று சிந்தித்தால், மனிதரைப் பற்றிய ஆழ்ந்த அறிவு ஒன்று இதற்குள் இருப்பது புலப்படும். நல்லவரையும் பொதுப்பணத்தோடு தனியே விட்டுவிடலாகாது. அவர் திருடிவிடுவார் என்பதற்காக அன்று. அவர்மீது வீண்பழி வந்துவிடக் கூடாதே என்பதற்காக.

திருத்தூதர் பவுல் இதை அறிந்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது அந்தப் பெருந்தொகையைத் தாம் ஒருவரே கையாள அவர் விரும்பவில்லை. தீத்துவை அனுப்பினார், அவரோடு, சபைகளே தேர்ந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். பணத்தைக் குறித்து எவரும் குறை கூற இடம் தரலாகாது, கடவுள் பார்வையில் மட்டுமன்றி மனிதர் பார்வையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் கூறுகிறார். அந்தத் தீத்துவைத் திருச்சபை நினைவுகூரும் நாள் ஜனவரி 26. நம் ஊராட்சிகளில் ஆண்டின் முதல் கிராமசபை கூடும் நாளும் அதுவே.

மற்ற நாட்களும் இப்படியே பொருந்தி வருகின்றன. மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் நாள். ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அக்டோபர் 2, காவல் தூதர்களின் நினைவு. 2022-இல் அரசு கூடுதலாக அறிவித்த இரு நாட்களுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஓ நமக்குப் புனிதர் அனைவரின் பெருவிழா. இதை இறைத்திட்டம் என்று பீடத்திலிருந்து முழங்க நாம் முற்படவில்லை, நாட்காட்டியின் தற்செயலே. ஆனால் இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. திருப்பலியும் தேர்ப்பவனியும் முற்பகல் வரை நீண்டால், நம் மக்கள் கிராமசபைக்குப் போகாமலிருக்கப் புண்ணியமான ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஆகவே அந்நாட்களில் நாம் திருப்பலியைக் காலை ஆறரைக்கே வைத்துவிடுகிறோம்.

இன்னொரு காரணம் அவ்வளவு எளிதில் தீர்வதன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் பனியன் கம்பெனிகளுக்குச் சட்டப்படியான விடுமுறை நாட்கள். அன்று தையல்காரரும் செக்கிங் பெண்களும் ஊரில் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு நாட்களோ வேலை நாட்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கென்றே அமைந்த மார்ச் 22-இல், தண்ணீருக்கு அதிகம் அலைகிறவர்கள் பவர் டேபிளின் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

திருப்பூர் மாவட்டத்தில் 13 ஒன்றியங்களும் 265 ஊராட்சிகளும் இருக்கின்றன. இவற்றுள் பல, பெயரளவில்தான் கிராமங்கள். தோட்டமும் பட்டியும் இருந்த இடத்தில் லைன் வீடுகள். ஒரு குழாயடியில் பத்துக் குடும்பங்கள். மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்து முன்பே வந்தவர்களோடு இன்று ஒடிசா, பீகார் இளைஞர்களும் வாழ்கிறார்கள். இவர்களது வாடகையிலிருந்து வீட்டு உரிமையாளர் வீட்டுவரி கட்டுகிறார். முறையாக நடக்கும் கம்பெனிகளில் இவர்கள் சம்பளத்திலிருந்தே தொழில்வரி பிடிக்கப்பட்டு ஊராட்சிக்குச் செல்கிறது. ஆனால் கிராமசபை என்பது அவ்வூரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரின் சபை. பணம் கொடுப்பவர் ஒருவர், கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர் வேறொருவர் என்ற நிலை நம் பகுதிக்கே உரிய ஒரு கோணல்.

உரிமை உள்ளவர்களாவது கேட்கிறார்களா? வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று செயலர் வேகமாக வாசிக்கிறார். கூட்டம் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கலைகிறது. நம் ஊர்களில் கணக்குக் கேட்பது ஓர் அவமதிப்பாகக் கருதப்படுகிறது. ‘என்மேல நம்பிக்கை இல்லீங்களா?’ என்ற ஒரே கேள்வி கேட்டவர் வாயை அடைத்துவிடும். தலைவர் பெரும்பாலும் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பார். நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டும். கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஆனால் கணக்கு என்பது வெறும் எண்கள் அல்ல. போர்வெல் மோட்டாரில் காயில் எரிந்து பழுது பார்த்ததாகக் கோடையில் மூன்று முறை செலவு எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் உண்மையிலேயே மூன்று முறை எரிந்திருக்கலாம். மின் அழுத்தம் நம் பகுதியில் அப்படித்தான். அதைச் சொல்லத் தணிக்கை அலுவலரால் இயலாது. அவர் முன் இருப்பது ரசீது மட்டுமே. எந்தக் கிழமை தண்ணீர் வரவில்லை, எத்தனை நாள் லாரித் தண்ணீர் வாங்கினோம், மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போனது யார் என்பதெல்லாம் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்ணுக்குத் தெரியும். அவளுடைய நினைவும் செயலருடைய ஏடும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான் கிராமசபை. அவள் வாய் திறக்காவிட்டால் தணிக்கை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ரசீது சரியாக இருப்பது வேறு, தண்ணீர் வருவது வேறு என்பதற்கு ஒரத்துப்பாளையம் அணை நம் கண்முன் நிற்கும் சான்று. நொய்யலின் குறுக்கே ரூ.16 கோடிக்கு மேல் செலவிட்டுப் பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992-இல் முடிந்தது. கல்லுக்கும் சிமெண்டுக்கும் கணக்கு இருந்திருக்கும். ஆனால் சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அந்த நீரைத் திறக்க வேண்டாம் என்று எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த உழவரே மன்றாட நேர்ந்தது. பிறகு கணக்குக் கேட்டவர்களும் நொய்யல் பாசன விவசாயிகளே. 2006-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளுக்குக் காலக்கெடு விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி உத்தரவு வந்தது. அன்று வேலையிழந்த தொழிலாளரின் கண்ணீரையும் நாம் மறந்துவிடலாகாது. காலத்தில் கேட்கப்படாத கணக்கை மிகுந்த வட்டியோடு செலுத்தியவர்கள் அவர்கள்தாம்.

கணக்குக் கேட்பது புதிய பழக்கம் என்று கூறுவோர் உத்திரமேரூருக்குச் சென்று பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று விலக்குகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாமன், மச்சான் சிக்கலை நன்கு அறிந்திருந்தவர்கள்! (நிலமும் மறைக்கல்வியும் உடையோரின் சபை அது, உழுதவருக்கு அதில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.)

நம் மாவட்டத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தலே இல்லை. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இத்தகைய இடைவெளிகளில் கேட்க வேண்டிய முகம் ஊருக்குள் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது. ஆயினும் தலைவர் பதவிக்குத்தான் காலம் உண்டு, கிராமசபைக்கு இல்லை. இதை நம் மக்கள் இன்னும் முழுதாக உணரவில்லை என்றே தோன்றுகிறது.

ஊரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் கோயிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரசர்கள் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் நம் போன்றோர் விரும்பி வாசிக்கும் பகுதி அன்று. ஆலயத்தைப் பழுதுபார்க்கக் குருக்கள் பணம் பெற்றுவந்தார்கள். யோவாசு அரசரின் இருபத்து மூன்றாம் ஆண்டு வரை ஒரு விரிசலும் அடைக்கப்படவில்லை. அதன் பிறகே குரு யோயாதா மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்றைப் பலிபீடத்தருகே வைத்தார். பெட்டி நிரம்பியதும் அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள். வேலையை மேற்பார்த்தவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்று அதே அதிகாரம் கூறுவதைச் சிலர் வசதியாக மேற்கோள் காட்டுவதுண்டு. அதற்கு முன்பே இரண்டு பேர் எண்ணிக் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் வாசிப்பதில்லை.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (537). இறைமக்கள் அளித்த பொருளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது (1287). இதன்படி எங்கள் பங்கில் ஆண்டுக் கணக்கைத் திருப்பலி முடிவில் வாசித்து, கோயில் வாசலில் ஒட்டுகிறோம். முதல் ஆண்டு எவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு, பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார்: “ஏனுங்க சாமி, ஜெனரேட்டருக்கு எதுக்குங்க இத்தன டீசலு? மூணு நாள் திருவிழாதானுங்களே?” நிதிக்குழுவினர் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். பாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பக்கத்திலிருந்த பேத்தி ஒவ்வொன்றாகத் தேதியோடு வாசித்தாள். அன்று வீட்டுக்குச் செல்ல எல்லோருக்குமே அரைமணி நேரம் தாமதமாயிற்று.