53 மணி நேரம்

ஒரு சாலை மூடப்படும் என்ற செய்தி பெருநகரம் ஒன்றை நடுங்க வைத்ததை நாம் நேரில் கண்டது 2011ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். கோடையில் சில வாரங்கள் துணைப்பணி ஆற்றுவதற்காக, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடபுறமுள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு பங்கில் தங்கியிருந்தோம். பள்ளத்தாக்கிற்கும் நகரின் மேற்குப் பகுதிக்கும் இடையே மலை. அதன் கணவாய் வழியே செல்கிறது 405 என்னும் விரைவுச்சாலை. அதன் வடக்கு நோக்கிய பக்கத்தில், தனியாளாக அன்றிச் சேர்ந்து பயணம் செய்வோரின் கார்களுக்கென ஒரு தடம் கூட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அதற்கு இடங்கொடாமல் மேலே நின்றது முல்ஹாலண்ட் பாலம். பாலத்தின் தென்பாதியை இடிப்பதற்காக, ஜூலை 15 வெள்ளி நள்ளிரவு முதல் 18 திங்கள் காலை 5 மணிவரை சாலையை அடைப்பதென முடிவாயிற்று.

வழக்கமான வார இறுதியில் சுமார் 5 லட்சம் வண்டிகள் ஓடும் இடம் அது. அவை எங்கே போகும்? திருவெளிப்பாட்டு நூலின் அர்மகெதோனை நினைத்து, வரவிருந்த நாள்களுக்குக் 'கார்மகெதோன்' என்று பெயர் சூட்டினார்கள். நெடுந்தொலைவிலிருந்த மின்பலகைகளும் எச்சரித்தன. சில ரயில், பேருந்து வழிகளில் கட்டணம் தள்ளுபடியாயிற்று. மலையின் இருபுறமுள்ள இரு விமான நிலையங்களுக்கிடையே 4 டாலருக்கு ஒரு நிறுவனம் விமானம் விட்டது! ஆயினும் அதிகாரிகள் கேட்டுக்கொண்டது ஒன்றே: வீட்டிலேயே இருங்கள். முந்திய ஞாயிறு திருப்பலி முடிவில் அதை இறைமக்களுக்கு அறிவித்தவர்களுள் நாமும் ஒருவர்.

மலைக்குத் தெற்கே ஒரு மருத்துவமனையில் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கிடந்தார். எல் சால்வடோர் நாட்டவர். அந்தச் சாலையிலேயே முப்பது ஆண்டுகள் சரக்குலாரி ஓட்டியவர். சனிக்கிழமை நற்கருணை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தோம். வெள்ளி மாலை தொலைபேசியில் நம் தயக்கத்தை எடுத்துரைத்தபோது, "சாலை திறந்தபின் வாருங்கள், பாத்ரே. அந்தச் சாலையை எனக்குத் தெரியும்" என்றார். நமக்கு நிம்மதியாயிருந்தது; மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை ஊரே ஓய்வுநாள் கொண்டாடியது போலிருந்தது. எஞ்சின் இரைச்சல் இல்லை. பாதி மக்கள் நடந்தே மாலைத் திருப்பலிக்கு வந்தார்கள். எதிர்பார்த்த நெரிசல் எங்குமே உண்டாகவில்லை. மலையைக் கடக்கும் சிறு பாதைகள்கூடக் காலியாய்க் கிடந்தன என்றார் அவ்வழியே போய்வந்த பங்கு மக்களில் ஒருவர். அரை மணியில் அவர் அக்கரை சேர்ந்துவிட்டாராம்.

ஞாயிறு விடியலில் முதியவர் இறந்துபோனார். மருத்துவமனையின் ஆன்மகுரு நோயிற்பூசுதல் அளித்திருந்தார் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் அவர் காத்திருந்தது நமக்காக. நல்ல சமாரியர் உவமையில் விலகிப்போன குருவைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம்! அந்த மனிதராவது சாலையில் இறங்கியிருந்தார்.

அன்று நண்பகலிலேயே, குறித்த நேரத்திற்குச் சுமார் 17 மணி நேரம் முன்னதாகச் சாலை திறக்கப்பட்டது. நகரம் மகிழ்ந்தது. மகிழக் காரணமும் இருந்தது. அந்நாள்களில் சாலையருகே காற்றிலிருந்த மிக நுண்ணிய மாசுத் துகள்கள் 83 விழுக்காடு குறைந்திருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டனர். பொறியாளரோ காவலரோ மட்டும் சாதித்ததன்று அது. ஆளுக்கொரு பயணத்தை விட்டுக்கொடுத்து மக்கள் சாதித்தது. விடக்கூடிய பயணம் எது, விடக்கூடாதது எது என்று பிரித்துப்பார்க்கும் பொறுப்பை எந்த மின்பலகையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவ ஊழியர் பலர் அதை அறிந்திருந்தார்கள். அந்த வார இறுதியில் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கிப் பணியாற்றியவர்கள் உண்டு. நாம் அறிவிப்பை வாசித்ததோடு நின்றுவிட்டோம்.

2012 செப்டம்பர் இறுதியில் மறுபாதியையும் அவ்வாறே இடித்தார்கள். 2014இல் புதிய தடம் திறந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. மாலை நெரிசல் மட்டும் விடைபெறவில்லை. இடம் கிடைத்ததும் வண்டிகளும் வந்து நிரம்பின.

முதியவரின் அடக்கம் அந்த வாரப் புதன்கிழமை. உடலைப் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுவந்தபோது முன்வண்டியில் நாம் இருந்தோம். பாதியாய் நின்ற பாலத்தின் அடியில் ஆறேழு வரிசையாக வாகனங்கள் அசையாமல் நின்றன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். திருப்பலிக்குக் குறித்திருந்த நேரம் கடந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்த அவருடைய மகள், அப்பாவுக்கு இது பழக்கம்தான் என்றாள்.